பிராட்பேண்ட் விட்டு விட்டு வருகிறதா? சுவிட்சைத் தொடும் முன் ஒரு நிமிடம்!

முற்றிலும் செத்துப் போன இன்டர்நெட் இணைப்பைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. புகார் செய்தால் ஆள் வருவார். எங்கே அறுந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒட்டிவிட்டுப் போவார். நம் உயிரை வாங்குவது விட்டு விட்டு வரும் இணைப்புதான். பத்து நிமிடம் வரும், இரண்டு நிமிடம் போகும். ஆள் வந்து பார்க்கும்போது மட்டும் அழகாக வேலை செய்யும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தெரு முனை தாண்டுவதற்குள் மறுபடி போய்விடும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் கூடுதல் துன்பம் ஒன்று உண்டு. குற்றவாளி கம்ப்யூட்டரா, மோடமா, கம்பெனியா என்று அவர்களுக்குத் தெரியாது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போவார்கள். கடையில் அது ஒழுங்காக இயங்கும். திரும்பி வருவார்கள். பையனின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நிற்கும். தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் பணம் கட்டும் பக்கம் சுற்றிக் கொண்டே இருக்கும். பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் வயிறு கலங்கும். இவை சின்ன விஷயங்கள் அல்ல.

இதற்கு எல்லாரும் சொல்லும் ஒரே வைத்தியம், "மோடத்தை ஆப் செய்து ஆன் செய்யுங்கள்" என்பது. கஸ்டமர் கேர் எண்ணுக்குப் போன் செய்தாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இந்த வைத்தியத்தைப் பற்றித்தான் எனக்கு மாறுபட்ட கருத்து இருக்கிறது.

ரீஸ்டார்ட் என்பது ரிப்பேர் அல்ல

மோடத்தை அணைத்துப் போடும்போது அதன் மெமரியில் சேர்ந்த குப்பை நீங்குகிறது. கம்பெனியின் கருவியுடன் அது புதிதாகத் தொடர்பு கொள்கிறது. வை-பி சானலைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே பல நேரம் இணைப்பு திரும்பி வரும். மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் தவறில்லை. தினமும் செய்ய வேண்டியிருந்தால், காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் விழுங்குகிறோம் என்று பொருள்.

அதைவிட முக்கியமான ஒன்று. சுவிட்சை அணைத்த அந்த நொடியில் ஆதாரமும் அழிந்துவிடுகிறது. இணைப்பு போன நேரத்தில் எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. அதைப் பார்க்காமல் அணைத்துவிட்டு, பிறகு "ஏன் போகிறது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எனவே முதலில் பாருங்கள், அடுத்து எழுதுங்கள், அதற்குப் பிறகு வேண்டுமானால் அணைத்துப் போடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

எங்கே அறுகிறது?

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து உலகத்துக்குப் போகும் பாதையை மூன்று துண்டுகளாக நினைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரை முதல் துண்டு. இது வை-பியாக இருக்கலாம், கேபிளாக இருக்கலாம். மோடத்திலிருந்து தெருக்கம்பம் வழியாகக் கம்பெனியின் கருவி வரை இரண்டாவது. அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் நாடுகளுக்கும் செல்வது மூன்றாவது. முதல் துண்டு உங்கள் பொறுப்பு. மற்ற இரண்டும் கம்பெனியின் பொறுப்பு. எந்தத் துண்டு என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

இப்போது பெரும்பாலான புதிய இணைப்புகள் பைபர் இணைப்புகள். பைபர் வந்து சேரும் பெட்டியின் சரியான பெயர் ஓ.என்.டி. என்றாலும் எல்லாரும் மோடம் என்றே சொல்வதால் நாமும் அப்படியே சொல்வோம். அதன் முகப்பில் உள்ள விளக்குகளில் மூன்றைத் தெரிந்து கொண்டால் போதும்.

பவர்: இது அணைந்து எரிந்தால் மின்சாரம் அல்லது அடாப்டர் பிரச்சினை.

பி.ஓ.என்.: விட்டு விடாமல் எரிந்தால் கம்பெனியின் கருவியுடன் தொடர்பு இருக்கிறது. மின்னிக் கொண்டிருந்தால் தொடர்புக்கு முயன்று கொண்டிருக்கிறது.

எல்.ஓ.எஸ்.: இது எரியாமல் இருப்பதே நல்லது. சிவப்பாக மின்னினால் பைபரில் ஒளி வரவில்லை அல்லது மிகவும் மங்கிவிட்டது. வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் பெரும்பாலும் சரியாகாது. உடனே புகார் செய்யலாம்.

இந்த மூன்றும் ஒழுங்காக இருந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் அணைந்திருந்தால், கம்பெனியில் உங்கள் கணக்கு அல்லது லாக்-இன் தொடர்பான சிக்கலாக இருக்கலாம். பில் கட்டியாயிற்றா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. பைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. அந்த முனையைத் துடைப்பதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். ஒளி செல்லும் கண்ணாடியின் மையம் சுமார் 9 மைக்ரான் அகலம்தான். ஒரு தூசு போதும், ஒளியை மறைக்க.

இரண்டு கறுப்பு விண்டோக்கள்

விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தும் இணைப்பு போகிறதா? இதற்கு விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம்.

விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஆர் கீயை அழுத்துங்கள். வரும் சிறிய கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். இதே போல இன்னொன்றும் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதல் விண்டோவில் பி, ஐ, என், ஜி என நான்கு எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் மோடத்தின் முகவரி எண்ணைத் தாருங்கள். பல மோடங்களில் இது 192.168.1.1 ஆக இருக்கும். மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பார்த்து உறுதி செய்து கொள்ளவும். பின்னர் மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு ஹைபன், ஒரு சிறிய டி. என்டர் தட்டவும். இரண்டாவது விண்டோவில் இதே போல, ஆனால் முகவரியாக 8.8.8.8 என்று தரவும். இது கூகுள் நிறுவனத்தின் சர்வர். இப்போது இரண்டு விண்டோக்களிலும் நொடிக்கு ஒரு வரி ஓடத் தொடங்கும். "இருக்கிறாயா?" என்று கம்ப்யூட்டர் கேட்பதும், "இருக்கிறேன்" என்று எதிர்ப்பக்கம் சொல்வதும்தான் அந்த வரிகள். அப்படியே விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இணைப்பு போகும்போது திரும்பிப் பாருங்கள்.

இரண்டு விண்டோக்களும் நின்றுவிட்டன என்றால், மோடத்தையே கம்ப்யூட்டரால் எட்ட முடியவில்லை. கோளாறு வீட்டுக்குள். வை-பி, கேபிள், அடாப்டர், மோடம் ஆகியவற்றில் ஒன்று.

முதல் விண்டோ ஓடுகிறது, இரண்டாவது நின்றுவிட்டது என்றால், வீட்டுக்குள் எல்லாம் சரி. கோளாறு வெளியே. கம்பெனிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

இரண்டுமே ஓடுகின்றன, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரில் சிக்கல் இருக்கலாம். இது இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி. நெட்வொர்க் செட்டிங்ஸில் டி.என்.எஸ். எண்ணாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 தந்து பார்க்கலாம். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் இணைப்பின் மீது பழி போட வேண்டாம். அந்தத் தளமே படுத்திருக்கலாம்.

சோதனையை முடிக்க கண்ட்ரோல் கீயுடன் சி கீயை அழுத்தினால், எத்தனை அனுப்பினோம், எத்தனை தொலைந்தன என்ற கணக்கைச் சதவீதத்துடன் தரும். அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளவும்.

வை-பி மீது சந்தேகம் என்றால்

கோளாறு வீட்டுக்குள் என்று தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒரு லேன் கேபிளால் கம்ப்யூட்டரை மோடத்துடன் நேராக இணைத்து அதே சோதனையை மீண்டும் செய்வது. லேப்டாப் என்றால் மோடத்தின் அருகே கொண்டு போனால் ஆயிற்று. கேபிளில் ஒழுங்காக ஓடி, வை-பியில் மட்டும் நின்றால், விடை கிடைத்துவிட்டது.

வீடுகளில் வை-பி பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் பக்கத்து வீட்டு வை-பியும் அதே இடத்தில்தான் சத்தம் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டினால் களைத்துவிடும். மோடம் உள்ள அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் 5 நல்லது. 2.4-தான் வேண்டும் என்றால் சானல் 1, 6, 11 இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை.

மோடத்தை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைப்பதும், இரும்பு பீரோ மீது வைப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். வெளியே எடுத்து, உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மின்சாரத்தை மறக்காதீர்கள்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். பேத்தியுடன் வீடியோவில் பேசவே கம்ப்யூட்டர் வாங்கியவர். காலையிலும் மாலையிலும் இணைப்பு போய்க் கொண்டிருந்தது. "உங்கள் பிளான் போதாது" என்று சொல்லி அதிக வேகப் பிளானுக்கு மாற்றிவிட்டார்கள். அப்போதும் போயிற்று. "ரவுட்டர் பழசு" என்றார்கள். புதிதும் வாங்கினார். அப்போதும் போயிற்று. போகும் நேரத்தைக் காலண்டரில் குறித்து வாருங்கள் என்று சொன்னேன். ஐந்தாவது நாள் அவரே கூப்பிட்டார். "தம்பி, நான் மோட்டார் போடற நேரமும் நெட் போற நேரமும் ஒண்ணா இருக்கே?"

அதுதான் விஷயம். தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வீட்டில் வோல்டேஜ் ஒரு கணம் தாழ்கிறது. நல்ல அடாப்டர் அதைத் தாங்கும். பைபர் மோடத்துடன் வந்த அடாப்டர் பழையதாகிப் பலவீனமாகியிருந்தது. தாங்கவில்லை. மோடம் அணைந்து மறுபடி உயிர் பெற்றுக் கொண்டிருந்தது. அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்குக் கூடுதலான ஆம்பியர், அதே முனை கொண்ட புதிய அடாப்டர் போட்டதும் தீர்ந்தது. பெரிய பிளானுக்கும் புதிய ரவுட்டருக்கும் கொடுத்த பணம் வீண். கண்டுபிடித்தது எந்தக் கருவியும் அல்ல, காலண்டர் தாள்தான்.

மின்வெட்டு வந்து இன்வெர்ட்டர் மாறும் நொடியில் மோடம் அணைந்து எரிவதும் இதே வகைதான். மோடத்துக்கென்றே 12 வோல்ட் சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

என் வீட்டு இணைப்பு ஓர் ஆடி மாதத்தில் இப்படித்தான் படுத்தியது. நான்கு முறை புகார் செய்தேன். நான்கு முறையும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் தேதி, நேரம், விளக்குகளின் நிலை, அப்போது வானிலை என்ன, வீட்டில் என்ன ஓடிக் கொண்டிருந்தது என்று எழுதி வந்தேன். ஐந்தாவது முறை வந்த டெக்னீஷியனிடம் அந்த நோட்டைக் கொடுத்தேன். "எல்.ஓ.எஸ். சிவப்பு, பலத்த காற்று" என்று பல இடங்களில் இருந்ததைப் படித்தார். மோடத்தைத் தொடவே இல்லை. நேராகத் தெருக்கம்பத்துக்குப் போனார். அங்கிருந்த பெட்டியின் மூடி திறந்து, பைபர் அதில் மடங்கிக் கிடந்தது. காற்றில் மூடி ஆடும்போதெல்லாம் ஒளி மங்கியிருக்கிறது. இருபது நிமிடத்தில் சரியாயிற்று. "எல்லா வீட்லயும் இப்படி எழுதி வச்சா என் வேலை பாதி குறையும் சார்" என்றார்.

வீட்டுக்கு வரும் டெக்னீஷியனை எதிரியாக நினைக்காதீர்கள். அவருக்கும் தேவை ஆதாரம்தான். அவர் வரும்போது ஒன்று கேளுங்கள். ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டர் அவரிடம் இருக்கும். அந்த எண்ணை நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். மைனஸ் 20 ஒட்டி இருந்தால் நல்லது. வழக்கமான வீட்டு மோடங்களுக்கு மைனஸ் 27 எல்லைக்கோடு. இந்தக் கணக்கில் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். போன மாதம் மைனஸ் 20, இந்த மாதம் மைனஸ் 26 என்றால் எங்கோ மடங்கியிருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. பேச்சே தேவையில்லை, எண் பேசும்.

அதிக வேகம் மருந்தல்ல

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது 256 கே.பி.பி.எஸ். என்பதே பெரிய வேகம். அப்போது வேகத்துக்காக ஏங்கியதில் நியாயம் இருந்தது. இன்று புல் ஹெச்.டி. தரத்தில் படம் பார்க்க நெட்பிளிக்ஸ் கேட்பதே 5 எம்.பி.பி.எஸ்.தான். 50 எம்.பி.பி.எஸ். இணைப்பு உள்ள சாதாரண வீட்டில் வீடியோ நின்று நின்று வந்தால், காரணம் பெரும்பாலும் வேகம் அல்ல, தொடர்ச்சி இல்லாததுதான். ஓட்டைக் குழாயில் தண்ணீரை வேகமாக விட்டால் ஓட்டை அடைபடாது. பிளானை மாற்றச் சொன்னால், "எந்தத் துண்டில் கோளாறு?" என்று முதலில் கேளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. காலை ஆறு மணிக்கு நன்றாக இருந்து, இரவு ஒன்பது மணிக்குத் தினமும் கேபிளிலேயே வேகம் குறைந்தால், அது கம்பெனியின் பக்கம் நெரிசல். அதற்கும் உங்கள் பிளானை உயர்த்துவது தீர்வாகாது.

விதி என்ன சொல்கிறது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006-லேயே பிராட்பேண்ட் சேவைக்குத் தர விதிகளை வகுத்தது. பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பழுது மூன்று வேலை நாட்களுக்கு மேல் நீண்டால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

என் குறை இதுதான். பழுதைப் புகாரின் கணக்கில் பார்க்கும் வரை, விட்டு விட்டு வரும் இணைப்பு தப்பித்துவிடும். போகிறது, புகார் பதிவாகிறது, தானாக வருகிறது, புகார் மூடப்படுகிறது. காகிதத்தில் எல்லாம் சில மணி நேரத்தில் தீர்ந்த புகார்கள். வீட்டில் மாதம் முழுவதும் அவதி. ஒரே வீட்டிலிருந்து ஒரே மாதத்தில் மூன்றாவது முறை அதே புகார் வந்தால், அதை முடியாத ஒரே பழுதாகக் கருதி, கம்பம் முதல் மோடம் வரை அளந்து பார்த்து, அளவைச் சந்தாதாரரிடம் எழுத்தில் தர வேண்டும். வாடிக்கையாளர் சம்மதிக்காமல் புகாரை மூடக் கூடாது. இவற்றைக் கேட்பது பேராசை அல்ல.

அதுவரை நாம் செய்யக் கூடியது உண்டு. ஒவ்வொரு புகாருக்கும் எண் வாங்கி நோட்டில் எழுதுங்கள். தீர்வில் திருப்தி இல்லை என்றால், 2012-ல் வந்த டிராய் விதிகளின்படி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது, "எப்போது, எத்தனை முறை?" என்பதுதான். அதற்குப் பதில் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் மேஜையில் இன்றே ஒரு நோட்டையும் பேனாவையும் வையுங்கள். அடுத்த முறை இணைப்பு போகும்போது கை சுவிட்சுக்குப் போகும் முன், கண் விளக்குகளுக்குப் போகட்டும்.